உப்பில் இறுகும் மஞ்சள் கரு

பச்சை முட்டையின் மஞ்சள் கருவை உடையாமல் எடுத்து உப்பில் புதைத்து, ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் விட்டு, கழுவி உலர்த்தினால், நிறம் ஆழ்ந்து கெட்டியான ஒரு வில்லை கிடைக்கும். அதைத் துருவிச் சூடான சோற்றின் மேலோ பாஸ்தாவின் மேலோ தூவிச் சாப்பிடலாம். கைவேலை என்று பார்த்தால் மொத்தமே அரை மணி நேரம் இருக்காது. மற்றதெல்லாம் காத்திருப்பு.

இத்தாலியின் சார்டினியாத் தீவுக்காரர்கள் மடவை மீனின் சினையை உப்பிட்டு, அழுத்தி, உலர்த்தி ‘பொத்தார்கா’ என்று வைத்துக்கொள்வார்கள். பாஸ்தாவின் மேல் அதைத் துருவினால் உப்பும் கொழுப்பும் கடல் வாசனையுமாக இருக்கும். மஞ்சள் கருவில் கடல் வாசனை கிடையாது. மற்ற இரண்டும் உண்டு, விலையோ முட்டை விலை. சீஸ் துருவிப் போடும் இடத்திலும் இது பொருந்தும். கிழக்காசியாவில் வேறு வழிகள் இருக்கின்றன. ஜப்பானில் மெல்லிய துணி விரித்த மிசோ விழுதுக்குள் மஞ்சள் கருவை வைப்பார்கள். சீனாவில் வாத்து முட்டையை ஓட்டோடு உப்புநீரிலோ உப்பு பிசைந்த சேற்றிலோ ஊறப்போடுவார்கள். ஜியாங்சு மாகாணத்தின் காவ்யூ இதற்குப் பேர்போன ஊர். இந்த அத்தியாயத்தில் உலர் உப்பு முறைக்குத்தான் அதிக இடம். வாத்து முட்டையைப் பின்னால் சொல்கிறேன். சில வீடுகளுக்கு அதுவே சரியானது.

உப்பு செய்வதும் செய்யாததும்

மஞ்சள் கருவில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொழுப்பு, அடுத்தது புரதம். சுற்றிலும் உப்பும் சர்க்கரையும் சூழ்ந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீர் சவ்வைத் தாண்டி வெளியே இழுபடுகிறது, கொஞ்சம் உப்பு உள்ளே போகிறது. நீர் குறையக் குறையப் புரதமும் கொழுப்பும் நெருங்கிப் பிணைந்து இறுகுகின்றன. பார்ப்பதற்கு வெந்ததுபோல் இருந்தாலும் அது வேகவில்லை. இதை மறக்கவே கூடாது.

கிருமிகள் பெருகத் தண்ணீர் வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்வதால் அவை பெருகுவதில்லை. ஆனால் பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு. முட்டை விஷயத்தில் நாம் பயப்பட வேண்டிய சால்மொனெல்லா, நீர் வற்றிய பண்டங்களில் நெடுநாள் சும்மா கிடக்கக்கூடியது. போதாக்குறைக்கு, காய்ந்த பொருளுக்குள் இருக்கும்போது அது சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். கடைசியில் ஓவனில் கொஞ்சம் சூடு காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அசட்டையாக இருக்க முடியாது என்பது இதனால்தான். முட்டையைப் பார்த்து வாங்குவது, ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்காதது, யாருக்குப் பரிமாறலாம் என்று யோசிப்பது எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

முட்டை

உப்பு எதையும் காப்பாற்றும் என்று நினைத்துப் பழைய முட்டையைத் தள்ளிவிடும் இடம் இதுவல்ல. புதிய முட்டையின் மஞ்சள் கரு உருண்டு எழும்பி நிற்கும், சவ்வு விறைப்பாக இருக்கும். நாளாக ஆக அது தட்டையாகப் பரவும். கையில் எடுக்கும்போதே கிழியும். முட்டையை ஓட்டோடு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் நாளானது, மிதந்தால் கிட்டேயே வராதீர்கள். ஓட்டின் துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருப்பதால் வரும் மிதப்பு அது. கூமுட்டை மிதக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சரிதான்.

அட்டை கணக்கில் வாங்கும் நாமக்கல் முட்டையே போதும். விரிசல் விட்டதையும் எச்சம் ஒட்டியதையும் ஒதுக்கிவிடுங்கள். கழுவித்தான் தீர வேண்டும் என்றால் உடைப்பதற்குச் சற்று முன், முட்டையைவிடச் சூடு கூடிய வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். குளிர்ந்த நீரில் ஊறினால் வெளி அழுக்கு துளை வழியே உள்ளே உறிஞ்சப்படலாம். ஓட்டைக் கழுவினாலும் கோழியின் சூலகத்திலேயே உள்ளே புகுந்துவிட்ட கிருமி போகாது. ஆகவே, வெந்நீரின் சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் ‘சூ வீ’ கருவி வைத்திருப்பவர்கள் முழு முட்டையை 57 டிகிரி செல்சியஸில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து எடுத்து, ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். கரு வேகாது, ஆபத்து வெகுவாகக் குறையும். அடுப்பில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இதை முயல வேண்டாம். நாலு டிகிரி ஏறினால் வெள்ளைக் கரு கட்டத் தொடங்கும், இறங்கினால் செய்ததற்குப் பலன் இல்லை.

நாட்டுக் கோழி முட்டைதான் வேண்டும் என்பதில்லை. கருவின் நிறம் பெரிதும் தீவனத்தைப் பொறுத்தது; மஞ்சள் மக்காச்சோளமோ செண்டுமல்லிச் சாறோ சேர்ந்தால் பண்ணை முட்டையும் ஆரஞ்சாகும். துருவிய பிறகு கண்ணுக்கு அழகு கூடும், அவ்வளவே. நாட்டு முட்டைக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் அதை அவித்துச் சாப்பிடுவதே நியாயம் என்பது என் கட்சி.

உப்பும் சர்க்கரையும்

ஆறு மஞ்சள் கருவுக்கு 350 கிராம் உப்பு, 200 கிராம் சர்க்கரை. டப்பா அகலமென்றால் இதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். கரு முழுக்க மூட வேண்டும், அடியிலும் விரல் கனத்துக்கு இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. சர்க்கரை எதற்கு என்று பலரும் கேட்பார்கள். அதுவும் நீரை இழுக்கும், உப்பின் முரட்டுத்தனத்தையும் தணிக்கும். வெறும் உப்பில் போட்டால் மேல்தோல் சீக்கிரம் விறைத்து, நாக்கில் உப்பு மட்டுமே நிற்கும். சர்க்கரை பாதிக்கு மேல் போனாலோ ஒரு அசட்டுத் தித்திப்பு ஒட்டிக்கொள்ளும்.

கல்லுப்பை அப்படியே போட்டால் கற்களுக்கு இடையே சந்து விழும், கருவைச் சரியாகக் கவ்வாது. மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு ரவைப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தூளுப்பும் ஆகும், நைசாக இருப்பதால் வேகமாக ஏறும், ஒரு நாள் முன்னதாகவே எடுத்துப் பார்க்க வேண்டும். மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலைப் பொடி என்று உப்பில் கலப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மணம் மேலோடு நின்றுவிடும், உள்ளே போவது சொற்பம். மிளகை இலையில் பரிமாறும்போது போட்டுக்கொள்வது மிச்சம்.

பாத்திரம் கண்ணாடியோ நல்ல பிளாஸ்டிக்கோ. அலுமினியம் கூடவே கூடாது. எவர்சில்வர் டப்பாவும் ஈர உப்பில் ஒரு வாரம் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கக்கூடும்.

புதைக்கும் நாள்

உப்பையும் சர்க்கரையும் கலந்து பாதிக்கு மேல் டப்பாவில் பரப்புங்கள். உடைக்காத முட்டை ஒன்றின் அகன்ற பக்கத்தை அழுத்தி ஆறு குழிகள் செய்யுங்கள். அடித்தட்டு தெரியக் கூடாது, குழிக்கும் குழிக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

முட்டைகள் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்தவையாக இருக்கட்டும். குளிர்ந்த கரு எளிதில் உடையாது. ஒவ்வொன்றையும் முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். பிறகு கையைச் சுத்தமாகக் கழுவி, விரல்களை லேசாக விரித்து, அதன் மேல் முட்டையை ஊற்றுங்கள். வெள்ளை இடுக்கு வழியே வழிந்து போகும், மஞ்சள் உள்ளங்கையில் நிற்கும். ஓட்டுக்கு ஓடு மாற்றிப் பிரிப்பது பழக்கம்தான், ஆனால் ஓட்டின் விளிம்பு சவ்வைக் கீறிவிடும். கருவின் ஓரத்தில் வெள்ளை நூலாய்த் திரித்துக்கொண்டிருப்பதை விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஒட்டிய வெள்ளைக் கரு அதிகமானால் உப்போடு சேர்ந்து பசையாகி, பின்னால் கழுவும்போது தொல்லை.

கருவைக் குழியில் மெதுவாக நழுவவிட்டு, மீதி உப்பை உயரத்திலிருந்து கொட்டாமல் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி மூடுங்கள். ஒன்று உடைந்துவிட்டால் அதையும் அதைச் சுற்றிய ஈர உப்பையும் கரண்டியால் அள்ளி எறியுங்கள், மற்றவற்றுக்குக் கேடில்லை. மூடி போட்டு ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும் போதெல்லாம் அங்கே சூடு ஏறும்.

இரண்டாம் நாளே உப்பு நனைந்து நிறம் மாறும், பிறகு பாளம் பாளமாகக் கட்டி தட்டும். அதுதான் வேலை நடப்பதற்கு அடையாளம், கிளறாதீர்கள். கீழே நீர் தேங்குமளவு கசிந்தால் உப்பு குறைவு என்று அர்த்தம். மேலே இன்னொரு கை உப்பு போடுங்கள். முதல் இரண்டு நாட்களில் மின்சாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் போய் ஃப்ரிட்ஜ் வெதுவெதுத்துவிட்டால், மனத்தைத் தேற்றிக்கொண்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஆறு முட்டைக்காக வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

நாலைந்து நாளில் வெளியே விறைப்பும் நடுவில் குழைவுமாக இருக்கும். துருவ வேண்டுமென்றால் ஏழு நாள் விடுவதே நல்லது. எடுத்து உப்பைத் தட்டிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் சட்டென்று அலசுங்கள். ஊறவிடக் கூடாது, இழந்த நீரைத் திரும்பக் குடித்துவிடும். விரலால் அழுத்தினால் ஜெல்லி மிட்டாய் மாதிரி அமுங்கி மீள வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்கள் கண்ணாடிபோல் தெரியும். துணியால் ஒற்றி எடுங்கள்.

பயன்படுத்திய உப்பைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. அதில் பச்சை முட்டை பட்டிருக்கிறது. தென்னைக்கு உப்பிடும் வழக்கமுள்ள வீடுகளில் தூருக்கு அது போகட்டும். சர்க்கரை இருப்பதால் எறும்பு கூட்டம் கூடும், வாசல் தென்னையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலர்த்துதல்

வடாம், வற்றல், மோர்மிளகாய் என்று எதையும் மொட்டைமாடிக்கு ஏற்றிப் பழகிய கைக்கு, இதையும் ஒரு தட்டில் வைத்து வெயிலில் காட்டத் தோன்றும். வேண்டாம். காரணம் ஒன்றல்ல. வெயிலின் சூடு கிருமிக்கு இதமானதே தவிர அதைக் கொல்லும் அளவுக்குப் போகாது. ஈ மொய்க்கும். மஞ்சள் கருவில் கொழுப்பு மிகுதி. ஒளியும் காற்றும் பட்ட கொழுப்பு கெட்டு, நாள்பட்ட எண்ணெயின் சிக்கு வாடை வரும். மிளகாய்க்கு அந்தக் கொழுப்பு இல்லை என்பதால் அது தப்பிக்கிறது.

இன்னொன்று, கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நனைந்து நிற்பது அதனால்தான். சென்னையிலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வெளியே தொங்கவிட்ட உப்புக் கரு, பகலில் கொஞ்சம் காய்ந்து இரவில் மறுபடி பிசுபிசுக்கும். உலர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஈரத்தை ஏற்றிக்கொண்டிருப்போம்.

ஃப்ரிட்ஜ் இதற்குச் சரியான இடம். உறைபனி கட்டாத வகை ஃப்ரிட்ஜில் உள்காற்று எப்போதும் வறண்டிருக்கும். மூடாமல் வைத்த கொத்தமல்லி ஒரே நாளில் சுருள்வதைக் கவனித்திருப்பீர்கள். துவைத்து வெந்நீரில் போட்டெடுத்துக் காயவைத்த மல் துணியை நீளவாக்கில் விரித்து, கருக்களை இடைவெளி விட்டு வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே நூலால் முடிச்சிட்டு, மேல்தட்டுக் கம்பியிலிருந்து கட்டித் தொங்கவிடுங்கள். ஏழு முதல் பத்து நாள். பக்கத்தில் நறுக்கிய வெங்காயமோ மூடாத மீன் குழம்போ இருக்கக் கூடாது. கொழுப்பு எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது.

அவசரக்காரர்களுக்கு ஓவன். எண்ணெய் தடவிய கம்பித்தட்டில் வைத்து 70 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நம் வீட்டு ஓடிஜி பலவற்றில் இவ்வளவு குறைந்த சூட்டை வைக்க முடியாது; குறைந்தபட்சத்தில் வைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகிச் சற்றே திறந்து விடுங்கள், அரை மணிக்கொரு முறை போய்ப் பாருங்கள். சூடு கூடினால் மேல்பக்கம் பழுப்பேறி எண்ணெய் கக்கும், உள்ளே மட்டும் பிசினாகவே இருக்கும். எனக்கு ஃப்ரிட்ஜ் முறைதான் பிடிக்கும். காய்ச்சல் சீராக இருக்கும், ஓவனில் வரும் அவித்த முட்டை வாசனை இதில் இருக்காது.

நன்றாகக் காய்ந்தது கத்திக்கு மெழுகுக் கட்டி வெட்டுப்படுவதுபோல் வெட்டுப்படும், துருவியில் ஒட்டாமல் உதிரும். நடுவில் ஈரம் தெரிந்தால் மறுபடி தொங்கவிட வேண்டியதுதான். காகிதத் துண்டு விரித்த கண்ணாடி ஜாடியில், தேதி எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் நிற்கும். மேலே கரகரப்பாகப் படியும் வெள்ளை உப்புப் பூத்தது, பயமில்லை. பஞ்சுபோலவோ பச்சையாகவோ பூத்தது பூஞ்சை; சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று பார்க்காமல் தூக்கி எறியுங்கள்.

சாப்பிடும் விதம்

மூன்று நாலு தட்டுக்கு ஒரு கரு தாராளம். ஜாதிக்காய் துருவும் நைசான துருவி இருந்தால் நல்லது. தேங்காய்த் துருவி இதற்கு ஆகாது. பூண்டு வெண்ணெயில் புரட்டிய பாஸ்தாதான் இதற்குப் பிறந்த வீடு. நம் சமையலில் நெய் விட்ட பருப்புச் சோற்றின் மேல் தூவிப் பாருங்கள், உப்புப் போடாமல் பிசைந்த சோறாக இருக்கட்டும். தயிர் சோற்றுக்கும் உளுந்தங்கஞ்சிக்கும் நன்றாகவே சேரும். இடியாப்பத்தில் மிளகோடு தூவினால் வேறெதுவும் தேவைப்படாது. ரசத்தில் மட்டும் போடாதீர்கள். சூட்டில் கரைந்து கவிச்சியடிக்கும், ரசமும் கெடும், கருவும் வீண். அடுப்பில் இருக்கும் எதிலும் சேர்க்காமல், இறக்கி இலைக்கு வந்த பிறகு தூவுவதே முறை.

சோயா சாஸில் சில மணி நேரம் ஊறவைத்த மஞ்சள் கருவைச் சூடான சோற்றில் உடைத்துவிட்டுச் சாப்பிடும் ஜப்பானிய முறை இப்போது இங்கேயும் பரவியிருக்கிறது. அங்கே முட்டை பச்சையாக உண்ணப்படும் என்று கணக்கிட்டே கழுவி, சோதித்து, தேதி குறித்து விற்கிறார்கள். இங்கே விற்பது அப்படி இல்லை. சோயாவில் ஊறிய கருவின் நடுப்பகுதி முழுப் பச்சை. கருவி வைத்து 57 டிகிரியில் காத்தெடுத்த முட்டை இல்லாமல் அதை முயலாதீர்கள்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயெதிர்ப்பு குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இருக்கும் பந்தியில் உலர் உப்புக் கருவை வைக்காதீர்கள். சூடான சோற்றில்தானே தூவுகிறோம் என்பது சமாதானம் ஆகாது. இரத்த அழுத்தக்காரர்களுக்கும் இது அளவோடுதான்.

கர்ப்பிணிகள் முதலாகச் சொன்ன மற்றவர்களுக்கு உப்பில் ஊறிய வாத்து முட்டை இருக்கிறது. அதை வேகவைத்துத்தான் சாப்பிடப்போகிறோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 250 கிராம் கல்லுப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிடுங்கள். பழுதில்லாத எட்டுப் பத்து வாத்து முட்டைகளைக் கழுவித் துடைத்து, பீங்கான் ஜாடியில் அடுக்கி, உப்புநீரை ஊற்றுங்கள். முட்டை மிதக்கப் பார்க்கும். தண்ணீர் நிரப்பிய சின்னப் பையொன்றை மேலே வைத்து அமிழ்த்துங்கள். நிழலான இடத்தில் இருபது முதல் முப்பது நாள். இருபதாம் நாள் ஒன்றை அவித்துப் பாருங்கள், உப்பு போதவில்லையென்றால் மற்றவை இன்னும் இருக்கட்டும். பிறகு கொதி வந்ததிலிருந்து பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளை உப்புக் கரிக்கும். மஞ்சளோ மணல்மணலாக உதிர்ந்து, ஆரஞ்சு எண்ணெய் கசிய நிற்கும். உள்ளே நீர் குறைந்து கொழுப்பு பிரிந்து வருவதால் கசியும் எண்ணெய் அது, கெட்டுப்போனதல்ல.

இந்தோனேசியாவின் பிரெபெஸில் செங்கல் பொடியும் உப்பும் பிசைந்து முட்டைக்குப் பூசுவார்கள். பிலிப்பீன்ஸில் அவித்த உப்பு முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது, கடையில் பச்சை முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய நாசி கண்டார் கடைகளில், குழம்பு பல ஊற்றிய சோற்றுக்குப் பக்கத்தில் பாதியாக வெட்டிய உப்பு முட்டை ஓட்டோடு உட்கார்ந்திருக்கும். கரண்டியால் தோண்டிச் சாப்பிட அது தோது.

மிச்சம் நிற்கும் வெள்ளைக் கரு

ஆறு மஞ்சளை எடுத்தால் ஆறு வெள்ளை மிஞ்சும், பலர் முதல் நாள் யோசிக்க மறப்பது இது. மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் நாலு நாள் இருக்கும். ஐஸ் தட்டில் ஒவ்வொன்றாக ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. தூத்துக்குடி மக்ரூனுக்கு வேண்டியதும் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு இவ்வளவுதான். உப்பில் புதைக்கும் நாளையே மக்ரூன் நாளாகவும் வைத்துக்கொண்டால் எதுவும் வீணாகாது. அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, மஞ்சள் ஒரு சொட்டு கலந்திருந்தாலும் நுரை எழும்பத் தகராறு செய்யும். பிரிக்கும்போது கலங்கிய வெள்ளையைத் தனிக் கிண்ணத்தில் ஒதுக்கி, அன்று இரவே வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஆம்லெட் ஊற்றிவிடுங்கள்.